புள்ளி டீச்சர்

எந்தப் படத்தைக் காட்டினாலும் அந்த அக்கா முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். மாட்டிக்கொண்டு உற்றுப் பார்ப்பார். பிறகு, "இதுல என்ன இருக்கோ அது இருக்கு" என்பார். அவ்வளவுதான். எங்கள் காலேஜ் பஸ் டிரைவர், பிறந்து ஒரு வாரமான தன் மகன் படத்தைச் செல்போனில் காட்டி, "யாரு ஜாடை மேடம்? எல்லாரும் என்னைய மாதிரின்றாங்க" என்று ஆசையாகக் கேட்டபோதும் அக்கா அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் ஸ்டாப்பில் பஸ் சற்றுத் தள்ளிப் போய்த்தான் நின்றது. நாங்கள் ஓடிப்போய் ஏறினோம்.

திண்டுக்கல் ரோட்டில் இருந்த ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவர் இமேஜ் பிராசஸிங் நடத்தினார். நான் அங்கேயே இங்கிலீஷ். வில்லாபுரத்திலிருந்து தினமும் ஊரைக் குறுக்கே கடந்து வந்துபோக முடியாமல், விளாங்குடியில் ஒரு மாடி வீட்டை அவரோடு பகிர்ந்துகொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய்விடுவேன், மறுநாள் சர்ச் உண்டு. அவர் எழுமலைக்காரர். மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கப் போவார். வயதில் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "யாரும் தெளிவாத் தெரியல" என்று பதில் சொல்வார். அது வேடிக்கைக்குச் சொன்னதா நிஜமா என்று யாருக்கும் பிடிபட்டதில்லை.

"உங்க பாடம் என்னதாங்க்கா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"படத்தைப் படமாப் பாக்காம கணக்காப் பாக்குறது" என்றவர், என் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி லேப்டாப்பில் ஏற்றினார். நான் சிரித்துக்கொண்டிருந்த படம். ஏதோ தட்டினார். நான் மறைந்து, திரை முழுக்க எண்களாக நின்றது.

"படம்னா புள்ளிதேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர். சைபர்னா இருட்டு. எரநூத்தி அம்பத்தஞ்சுன்னா வெளிச்சம். நடுவுல உள்ளதெல்லாம் சாம்பல். இந்தா, இங்கன பதினெட்டு, இருவதுன்னு ஓடுதுல்ல, இது உன் முடி. இங்கன எரநூத்திச் சொச்சம், இது உன் பல்லு."

"அழகா இருக்கேனாக்கா?"

எண்களை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். "அதுக்கு இதுல நம்பர் இல்ல."

பாடத்தை நடத்தும் விதமும் அப்படித்தான். ஒருநாள் வகுப்பு முழுவதையும் கல்லூரி முற்றத்துக்கு இறக்கி வரிசை வரிசையாக நிற்க வைத்தார். ஆளுக்கொரு தாள். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளை. கறுப்புக்குச் சைபர், வெள்ளைக்கு ஒன்பது. எல்லோரும் அக்கா சொன்ன பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால், மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு 'ம' என்ற எழுத்து தெரிய வேண்டும். அது பயல்கள் நிறைந்த வகுப்பு. அங்கங்கே நாலைந்து பேர் வேண்டுமென்றே தாளை மாற்றிப் பிடித்தார்கள். 'ம' அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அக்கா கோபப்படவில்லை. உண்மையில் அதற்காகவே காத்திருந்தார். "இதுக்குப் பேருதேன் இரைச்சல். கேமராவுலயும் இப்படித்தேன் அங்கங்க தப்புப் புள்ளி விழும். இப்பத் துடைப்போம். ஒவ்வொருத்தரும் உங்களைச் சுத்தி நிக்கிற எட்டுப் பேரு நம்பரைக் கேளுங்க. உங்களதையும் சேர்த்துச் சின்னதுல இருந்து பெருசா அடுக்குங்க. சரியா நடுவுல எது வருதோ, அந்தப் பக்கத்தைத் தூக்குங்க."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் எட்டுப் பேரிடம் நம்பர் கேட்டால் எப்படி இருக்கும்! மாட்டுத்தாவணி மார்க்கெட் தோற்றது. முதல்வர் மாடி வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம் இம்புட்டுச் சத்தம்?"

"இரைச்சலைக் குறைச்சுக்கிட்டு இருக்கோம் சார்."

"எங்க குறையுது?"

"படத்துல சார்."

முதல்வர் கீழே குனிந்து பார்த்தார். தாள்கள் மாறி மாறி உயர்ந்தன. "அது என்ன, யானையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

தாளை மாற்றிப் பிடித்தவர்களில் ஒருவன் மட்டும் மசியவில்லை. "நான் சைபர்தான் மேடம். ஏன் மாத்தணும்?"

"நீ சைபர்தேன். உன்னைச் சுத்தி எட்டுப் பேரும் ஒம்பது. அதனால நீ இரைச்சல்."

"அந்த எட்டுப் பேரும் பொய் சொன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அவனை எழுப்பிச் சொன்னாராம்: "எட்டுப் பேரும் பொய் சொன்னா இந்த முறை தோத்துப்போகும்ப்பா. உக்காரு." அந்தப் பையன் அதை ஒரு பட்டம்போல வைத்துக்கொண்டு திரிந்தான்.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். அக்கா கம்ப்யூட்டரில் படத்தோடு ஏதோ செய்கிறார் என்று அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று. அவருடைய தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார்.

"டீச்சர், புள்ள முகத்தை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க."

"நான் வெளுக்க மாட்டேங்க. இருட்டா எடுத்திருக்காங்க. வெளிச்சத்தையும் இருட்டையும் சமமாப் பரப்பி விடுறேன். உள்ளது தெளிவாத் தெரியும்."

"என்னமோ செய்யுங்க. நல்லா வந்தாச் சரி."

அக்கா பரப்பினார். பெண்ணின் முகம் துலக்கமாக, அழகாகவே வந்தது. ஆனால் பரப்புவது என்றால் எல்லாவற்றையும்தானே பரப்பும்? பெண்ணுக்குப் பின்னால் இதுவரை வெறும் இருட்டாக இருந்த வாசற்படியும் துலங்கியது. அங்கே பெண்ணின் தாய்மாமன், பட்டாபட்டி டிராயரும் பனியனுமாக, வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். "அவரை எடுத்துருங்க டீச்சர்."

"அவரு இருக்காருங்களே."

"இருக்காருதேன். அதுக்காக?"

அக்கா எடுக்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் மகன் அவசரத்தில் அந்தப் படத்தையே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இரண்டு நாள் அந்த வீட்டில் அடுப்பெரியாத குறை. மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து, "பின்னாடி பிரஷ்ஷோட நிக்கிறது மில்லுல எங்கூட வேலை பாத்த மாப்ளைல்ல? அவரு வீட்டுப் புள்ளையா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று கேட்டாராம். கல்யாணம் முடிவானது. தாய்மாமன் தன்னால்தான் முடிந்தது என்று பந்தியில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னார். வீட்டுக்காரம்மா அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார். தெருவில் அக்காவின் மதிப்பு உயர்ந்தது.

அந்த மதிப்புதான் மோட்டார் விஷயத்தில் அவரை மாட்டிவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பொதுவாக ஒரு போர்வெல். தெருக்கோடியில் ஒரு சின்ன ஷெட்டில் மோட்டார். ஒரு நாள் காலையில் பார்த்தால் மோட்டார் இல்லை. தெருவே குடங்களோடு நின்றது. ஷெட்டுக்கு எதிர் வீட்டுக்காரர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் வீட்டில் கேமரா உண்டு. அவருடைய மகன் இரவுப் பதிவை ஓட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் நிறுத்தி, டிவித் திரையைச் செல்போனால் படமெடுத்துத் தெருவின் வாட்ஸப் குழுவில் போட்டான். ஷெட்டுக்குப் பக்கத்தில், மங்கலாக, வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உருவம் கைகளை அகட்டி நின்றது. கைக்குக் கை மாறியதில் அது இன்னும் மங்கியது. மங்க மங்க எல்லோருக்கும் தெளிவானது.

"நம்ம மோட்டாரு மெக்கானிக்குதேன். நிக்கிற தோரணையப் பாருங்க" என்று யாரோ எழுதினார்கள். முந்தின வாரம் அவர்தான் வந்து அதைப் பழுது பார்த்துவிட்டுப் போயிருந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து லைன் வீடுகளில் குடியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வில்லாபுரத்திலிருந்து திரும்பியபோது சங்க அறையில் கூட்டம் கூடியிருந்தது. அக்காவை லேப்டாப்போடு கூப்பிட்டு, அதை அங்கிருந்த டிவியில் இணைத்திருந்தார்கள். மெக்கானிக் ஓரமாக நின்றார். அவருடைய வண்டிச் சாவி செயலாளரின் சட்டைப் பையில் இருந்தது. போலீசுக்குப் போவதற்கு முன்னால் முகத்தை மட்டும் தெளிவாக்கிவிட்டால் போதும் என்பது ஏற்பாடு.

"ஜூம் பண்ணுங்க டீச்சர்" என்றார் செயலாளர்.

அக்கா பெரிதாக்கினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் வந்தன.

"இன்னும்."

பெரிய சதுரங்கள் வந்தன.

"இன்னும் பண்ணுங்க. சினிமாவுல கண்ணுமுழி வரைக்கும் போறாய்ங்க."

அக்கா போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் டிவி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு சாம்பல் சதுரம் நின்றது. கூட்டம் உற்றுப் பார்த்தது.

"இதுதேன் மூக்கு" என்றார் செயலாளர்.

"இது நூத்தி நாப்பது" என்றார் அக்கா. "இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்லைங்க. கேமரா எடுக்காததை நான் எப்படிக் கொண்டுவர முடியும்?"

"எங்களுக்கே தெரியுது. படிச்ச உங்களுக்குத் தெரியலையா?"

"சரி. யாராருக்கு யாராரு தெரியிறாங்கன்னு சொல்லுங்க."

டீக்கடைக்காரர் மெக்கானிக் என்றார். கடைசி வீட்டுக்காரர், மெக்கானிக்கைவிட உயரம் அதிகம், பழைய வாட்ச்மேன் மாதிரி இருக்கிறது என்றார். வீட்டுக்காரம்மா இருந்திருந்து, "எனக்கென்னமோ என் கொழுந்தன் மாதிரி இருக்கு" என்றார். கொழுந்தன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பத்து வருஷமாகச் சொத்துத் தகராறு. அவர் எழுந்து நின்று, "நல்லாப் பாருங்க, அது பொம்பள" என்றார். கொஞ்ச நேரம் அறையில் ஒருவர் பேச்சு இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

செயலாளர் மேசையைத் தட்டினார். "எதுக்குங்க இந்த வம்பு? அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியும்ல? வேற யாரு செஞ்சிருப்பா?"

அக்கா அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு, "மொபைல்ல புடிச்ச படம் வேணாம். கேமராவோட பதிவைக் குடுங்க. முழுசா" என்றார்.

செயலாளர் மகன் எடுத்துக் கொடுத்தான். அக்கா எப்போதும்போல விளக்கம் சொல்லாமல் எதையும் செய்ய மாட்டார். "வீடியோன்னா வரிசையா அடுக்கி வச்ச படம். ஒரு படத்துல இருந்து அடுத்த படத்தைக் கழிக்கிறேன். மாறாத எடமெல்லாம் சைபர், இருட்டாயிரும். அசைஞ்சது மட்டும் வெளிச்சமா நிக்கும். திருடன்னா அசைஞ்சுதான ஆகணும்?"

டிவி கறுத்தது. தெரு போயிற்று, ஷெட் போயிற்று, மின்கம்பம் போயிற்று. வேப்பிலைகள் மட்டும் மினுக்கின. ஒரு பூனை வெளிச்சக் கோடாகக் குறுக்கே நடந்தது.

"திருடன் எங்கம்மா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"கழிஞ்சு போயிட்டாருங்க. அவரு ராத்திரி பூராவும் நின்ன எடத்தை விட்டு அசையல. இந்தா பாருங்க, காத்தடிச்சா கை மட்டும் லேசா ஆடுது. காலே இல்ல."

யாருக்கும் புரியவில்லை. செயலாளரின் மனைவிதான் முதலில் வாயில் கையை வைத்தார்.

"ஐயையோ, என்னங்க, அது அன்னிக்கு நனைச்சு, ஷெட்டு ஓரமா கொடியில காயப்போட்ட உங்க சட்டைங்க!"

"எந்தச் சட்டை?"

"இப்பப் போட்டுருக்கீங்களே, அதேன்."

எல்லோரும் செயலாளரின் சட்டையைப் பார்த்தார்கள். மெக்கானிக் ஓரத்திலிருந்து வந்து, அந்தச் சட்டையின் பைக்குள் விரலை விட்டுத் தன் சாவியைத் தானே எடுத்துக்கொண்டார். "வாரேங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்திருந்தால் அக்காவை மாலை போட்டுக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். மோட்டார் கடைசிவரை கிடைக்கவில்லை. ஷெட்டின் பின்பக்கத் தகரம் பெயர்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தார்கள், அந்தப் பக்கம் கேமராவே கிடையாது. புது மோட்டார் வரும்வரை தெரு லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. நின்றவர்களுக்கெல்லாம் அக்காமேல்தான் எரிச்சல். "மோட்டாருதேன் போச்சுன்னா, இருந்த ஒரு திருடனையும் இந்தப் புள்ளி டீச்சர் அழிச்சிருச்சு" என்று காதுபடவே பேசினார்கள். வீட்டுக்காரம்மாவும், "நீங்க கொஞ்சம் பேசாம இருந்திருக்கலாம் டீச்சர்" என்றார். அவருடைய கொழுந்தன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

மெக்கானிக் மட்டும் ஒரு வாரம் கழித்து மாடி ஏறி வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் டீ போட எழுந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "அக்கா, இதுல நான் யாருன்னே தெரியல. எங்க போனாலும் நீதானான்னு கேக்குறாய்ங்க. கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?"

அக்கா வெகுநேரம் பார்த்தார். "மன்னிச்சிருங்க தம்பி. இதுல ஒண்ணுமே இல்ல."

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கு டீ பொங்கி வழிந்தது.

அவர் போன பிறகு அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க அப்பாவையும் ஒருதடவ இப்படித்தேன் கூப்புட்டு நிக்க வச்சாய்ங்க. யாரு வீட்டு ஆட்டுக்குட்டியோ காணாமப் போச்சுன்னு. அப்ப யாருகிட்டயும் கேமரா இல்ல. இருந்திருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும்." அப்பாவைப் பற்றி அவர் பேசிக் கேட்டது அதுவே முதல் தடவை. அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் எழுமலையில் அக்காவும் அவர் தம்பியும் சேர்ந்து அம்மாவுக்கு ஒரு மாடி வீடு கட்டினார்கள். அம்மா களையெடுப்புக்கும் நாற்று நடவுக்கும் கூலிக்குப் போய் இருவரையும் படிக்க வைத்தவர். பால் காய்ச்சுகிற அன்று அக்கா என்னையும் கூட்டிப்போனார். கூடத்துச் சுவரில் அப்பா படம் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. அப்பா இருக்கும் படம் உலகத்தில் ஒன்றுதான். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பந்தல்காலுக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, ஒரு மங்கல். விரல் நகத்தில் பாதிகூட இல்லை.

தம்பி அதை உசிலம்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்திருந்தார். அங்கே செயற்கை நுண்ணறிவு என்று ஏதோ ஒன்றில் போட்டு, ஆளுயரத்துக்கு லேமினேஷன் செய்து கொடுத்தார்கள். வகிடெடுத்த தலை, கூர்மையான மூக்கு, கோட்டு. தம்பி அதை அம்மா முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அம்மா பக்கத்தில் வந்து பார்த்தார். தள்ளி நின்றும் பார்த்தார்.

"நல்லாத்தேன் இருக்காரு. யாருப்பா இவரு?"

"அப்பாம்மா!"

"ஏன்டா, நான் பாக்காத அப்பாவா?"

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா, "அம்மா, அந்த மிசினு ஆயிரக்கணக்கான பேரு முகத்தைப் பாத்து வச்சிருக்கும். படத்துல இல்லாததை அதுல இருந்து எடுத்து ரொப்பிருக்கு" என்றார்.

"அப்ப இது ஆயிரம் பேரா?"

"அப்படித்தேன்."

"எனக்கு ஒருத்தருதேன்" என்றார் அம்மா. "அந்தப் பழசை எடு."

அக்கா பழைய படத்தை லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினார். சாம்பல் சதுரங்கள். அம்மா முகம் மலர்ந்து, திரையில் விரலை வைத்தார். "இந்தா நிக்கிறாருல்ல! இடது பக்கமாத் தலையைச் சாச்சுக்கிட்டு. எம்புட்டுச் சொன்னாலும் நேரா நிக்க மாட்டாரு. ஏத்தா, உனக்குத் தெரியுதா?"

நான் அக்காவையே பார்த்தேன். இத்தனை பேரிடம் அவர் சொன்ன அந்த 'என்ன இருக்கோ அது இருக்கு' இப்போதும் வந்துவிடுமோ என்று இருந்தது.

"தெரியுதும்மா" என்றார் அக்கா.

அந்தச் சதுரங்களையே சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். பந்திக்கு வந்தவர்களில் அப்பாவைத் தெரிந்த கிழவர்கள் இரண்டு பேர், "அவரேதேன், அச்சு அசல்" என்றார்கள். கோட்டுப் போட்டவர் பீரோவுக்குப் பின்னால் போனார்.

ஆரப்பாளையம் பஸ்ஸில் திரும்பி வந்தோம். அக்காவுக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் நான். உசிலம்பட்டி தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"அக்கா, நெசமாவே தெரிஞ்சதா?"

"நாப்பது அம்பது புள்ளி இருக்கு. அதுல ஒரு மனுசன் தலையைச் சாச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு அம்மா சொன்னா, இல்லைன்னு சொல்ல எங்கிட்ட ஒரு கணக்கும் இல்ல" என்றார்.

விடியும் முன்பிருந்தே வேலை பார்த்த அலுப்பு. செக்கானூரணி வருவதற்குள் தூங்கிவிட்டார். சாய்ந்துகொள்ள வசதியாக ஜன்னல் கம்பி அந்தப் பக்கம் இருந்தது. ஆனாலும் தலை இடது பக்கமாகச் சாய்ந்து என் தோளில்தான் விழுந்தது.